பத்து நிமிடம் வெளியே அமருங்கள்

சாமளாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை செய்யும் 18, 19 வயதுப் பிள்ளைகளை நாங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு காயத்தின் பொருட்டே சந்திக்கிறோம். பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கும் பெண்ணின் விரலில் ஊசி ஏறியிருக்கும். நகத்தைத் துளைத்து மறுபுறம் வந்த ஊசியின் முனை சில வேளைகளில் முறிந்து உள்ளேயே தங்கியிருக்கும். விசைத்தறிக் கூடத்திலிருந்து வரும் பையனுக்கு நாடா தெறித்து நெற்றியில் அடிபட்டிருக்கும். காயத்தைக் கழுவி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து முனையை அகற்றி, தடுப்பூசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்புகிறோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

அந்த அரை மணி நேரத்துக்குள் வேறொன்றும் அடிக்கடி நிகழ்கிறது. உடன் வந்த தாயோ சூப்பர்வைசரோ விடுதிக் காப்பாளரோ மருந்து வாங்கவோ பணம் கட்டவோ எழுந்து போகிறார். கதவு சாத்தியதும், கட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் செவிலியரிடம் அந்தப் பெண் மெல்லக் கேட்கிறாள்: “அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

அதன்பின் வருவதுதான் உண்மையான நோய்க்குறிப்பு. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. அல்லது வந்தால் நிற்கவில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்து போனால் பேச்சு வரும் என்பதால் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. இரவு உறக்கம் இல்லை, காரணமின்றி அழுகை வருகிறது. பையன்கள் இவ்வளவும் சொல்வதில்லை. “நெஞ்சு படபடங்குது” என்பார்கள். மேலும் இரண்டு கேள்வி கேட்டால், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையும், ஊரில் வாங்கிய கடனும், தனக்கு ஏதோ நோய் தொற்றியிருக்குமோ என்று ஆறு மாதமாகத் தின்றுகொண்டிருக்கும் அச்சமும் வெளியே வரும். ஊசி ஏறாமல் இருந்திருந்தால் இவற்றில் ஒன்றும் எங்கள் காதுக்கு எட்டியிராது. உடன் வந்தவர் பத்து நிமிடம் எழுந்து போகாமல் இருந்திருந்தாலும் எட்டியிராது.

இளையோர் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதற்குக் கூச்சம், அறியாமை என்று காரணம் சொல்வது எளிது. நாங்களும் பல காலம் அப்படித்தான் சொல்லிவந்தோம். ஒரு நாள் எங்கள் கூடத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்தபோது அந்த நம்பிக்கை குலைந்தது. புறநோயாளிச் சீட்டு எழுதும் சன்னலில் பெயர், வயதுக்கு அடுத்து “என்ன பிரச்சினை?” என்று கேட்கிறோம். கண்ணாடிக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கக் கேட்கிறோம். பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர். “கல்யாணம் ஆயிருச்சா கண்ணு?” என்பது அடுத்த கேள்வி. கேட்பவருடைய குரலில் அன்பே இருக்கிறது. ஆனால் வரிசையில் நிற்பவர்களுள் ஒருவர் அந்தப் பெண் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர்; இன்னொருவர் அவளுடைய கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். சோமனூருக்கும் மங்கலத்துக்கும் காரணம்பேட்டைக்கும் இடையில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை. அந்தச் சன்னலில் அவள் சொல்லும் விடை அன்று மாலைக்குள் அவள் வீட்டு வாசலை அடைந்துவிடும். எனவே “தலைவலி” என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறாள். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறாள்.

மணமாயிற்றா, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்பவை மருத்துவத்துக்குத் தேவையான கேள்விகள்தாம். அவற்றைக் கேட்க வேண்டிய இடம் சன்னலன்று. உள்ளே, கதவைச் சாத்தியபின், ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டியவை.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருப்பூர் வட்டாரத்தில் ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று இதைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலை 8.30க்கு உள்ளே போனால் இரவு 8.30க்கு வெளியே வரவேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர் அரை நாள் விடுப்பு எடுத்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். மில் விடுதியில் தங்கியிருப்பவருக்கு வெளியே போகும் நாளே கணக்கில்தான் வரும், அதுவும் காப்பாளர் துணையுடன். பகல் வேளையில் நடக்கும் புறநோயாளிப் பிரிவு இவர்களைப் பொறுத்தவரை பூட்டிய கதவுதான். 2023 ஜூனில் தமிழக அரசு ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோது, காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் என்று வேலை நேரத்தை வகுத்தது. மாலை நேரத்தைச் சேர்த்தது மிகச் சரியான முடிவு. ஆயினும் அவை மாநகராட்சி, நகராட்சிகளுக்கான மையங்கள். சாமளாபுரம் ஒரு பேரூராட்சி. மாலை எட்டு மணி என்பதும் ஒன்றரை ஷிப்டுக்கு அரை மணி நேரம் முந்தியது.

கதவு பூட்டியிருந்தால் வேறு வழியைத் தேடுவது மனித இயல்பு. அந்த வேறு வழி என்னவென்பதை 2019இல் உலகமே படித்தது. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்கென வேலையிடத்தில் பெயரில்லாத மாத்திரைகள் தரப்பட்டதாக அத்தனை பேரும் கூறினர். உறையில் மருந்தின் பெயர் இல்லை. காலாவதி நாள் இல்லை. கொடுத்தவர் பெரும்பாலும் மருத்துவரோ செவிலியரோ அல்லர். தங்கள் உடல்நலம் கெட்டதென்று அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினர். செய்தி வெளியானபோது பலர் சினந்தனர். நாங்கள் வியக்கவில்லை. “கம்பெனில ஒரு மாத்திரை தருவாங்க” என்ற வாக்கியத்தைக் கட்டுக் கட்டும் மேசையில் எத்தனையோ முறை கேட்டிருந்தோம். ஒருமுறைகூட எழுதி வைத்ததில்லை. அது எங்கள் குறை.

அந்த மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் வலிக்கு மாத்திரை சாப்பிடுவதில் தவறில்லை. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்றவை அதற்குரிய மருந்துகளே. சரியான அளவில், உணவுக்குப் பின், ஓரிரு நாள் எடுத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஷிப்டுக்கு வந்து, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, வலி விடவில்லையென்று மாலை இன்னொன்று என்று மாதந்தோறும் விழுங்கினால் இரைப்பை புண்ணாகும். ஆஸ்துமா உள்ளவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இவை கெடுதல் செய்யக்கூடும். பெயர் தெரியாத மாத்திரையால் ஒவ்வாமை ஏற்பட்டு வந்தால், எதைச் சாப்பிட்டார் என்பதே தெரியாமல் நாங்கள் மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் ஒன்றுண்டு. ஒவ்வொரு மாதமும் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வலிப்பதற்கு எண்டோமெட்ரியோசிஸ் காரணமாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவதற்குச் சினைப்பை நீர்க்கட்டியோ தைராய்டுக் கோளாறோ காரணமாக இருக்கலாம். அதிக உதிரப்போக்கினால் இரத்தசோகை முற்றிக்கொண்டிருக்கலாம். மாத்திரை அந்த நாளின் ஷிப்டைக் காப்பாற்றும். நோயை ஐந்தாறு ஆண்டுகள் மறைத்து வைக்கும். திருமணத்துக்குப் பின் குழந்தை இல்லையென்று வரும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. அப்போது பழி முழுவதும் அந்தப் பெண் மீதே விழுகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 10 முதல் 19 வயது வரையிலானோருக்கென்று ஒன்றிய அரசு 2014 ஜனவரியில் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவ நிலையங்களில் வளரிளம் பருவத்தினருக்கான தனிச் சிகிச்சைப் பிரிவும் ஆலோசகரும் இருக்க வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. ஊரகப் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கும் ‘புதுயுகம்’ திட்டத்தையும் தமிழ்நாடு நடத்திவருகிறது. இவை நல்ல திட்டங்கள். இவற்றிற் பல பள்ளிக்கூடத்தை வாசலாகக் கொண்டவை. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த மறுமாதம் மில்லுக்குப் போய்விடும் பிள்ளைக்கு அந்த வாசல் சாத்திவிடுகிறது. 20 வயது நிறைந்தால் வளரிளம் பருவமும் முடிந்துவிடுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஆண்களுக்கு இரத்தசோகை வரும் என்பதையே பலர் நம்புவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு என்பது சிறிய எண்ணன்று.

சுவீடனில் பூர்லெங்கே என்ற தொழில் நகரில் 1970இல் இளையோருக்கென்று ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். இன்று அந்நாடு முழுவதும் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. அங்கே உள்ளே நுழைபவரை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். பேறுகால உதவிச் செவிலியர். சிங்கப்பூரில் ஆர்ச்சர்டு சாலைப் பகுதியில் இளைஞர்கள் பொழுதுபோக்கக் கூடும் ஒரு கட்டடத்துக்குள்ளேயே மனநல ஆலோசனை நிலையம் வைத்திருக்கிறார்கள்; மருத்துவமனை வாடை இல்லாத இடம் என்பதே அதன் சிறப்பு. இவற்றைப் பார்த்து நாமும் புதுக் கட்டடம் கட்ட வேண்டும் என்று நாங்கள் கருதவில்லை. முதலில் பேசுபவர் பொறுமையுள்ள ஒரு செவிலியராக இருக்க வேண்டும், பேசும் இடத்தில் மூன்றாம் காது இருக்கக் கூடாது என்ற இரண்டும் சாமளாபுரத்திலும் இயலும். அதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் ஒத்துழைப்பு தேவை.

இங்கேதான் உங்களோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரிடம், பரிசோதனையின் ஒரு பகுதியாகப் பத்து நிமிடம் வெளியே அமரும்படி கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சிலர் எழுந்து போகிறார்கள். சிலர் முகம் சிவக்கிறார்கள். ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: “பெத்தவ எனக்குத் தெரியாம அவளுக்கு என்னங்க இருக்கப்போகுது?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வியந்து கேட்டார். இரண்டு வேளை சமைத்து, தறி ஓட்டி, மகளின் சம்பளத்தை அவளுடைய நகைக்கென்றே சீட்டுக் கட்டிவரும் பெண் அவர். அவரை வெளியே அனுப்புவது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

அவருக்கு நாங்கள் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கிறோம். பிள்ளைகள் மறைப்பது பெற்றோரை நம்பாததால் மட்டுமன்று. பெற்றோரை வருத்தக் கூடாது என்பதாலும் மறைக்கிறார்கள். விடுதியில் சாப்பாடு சரியில்லை, சூப்பர்வைசரின் கை சரியில்லை என்று சொன்னால் தாய் அழுவாள், வேலையை விடச் சொல்வாள், சீட்டு நின்றுபோகும். அதனால் தாய் பக்கத்தில் இருக்கும்வரை “ஒண்ணுமில்லைங்க” என்பதே விடை. கேள்வியை நாங்கள் பிள்ளையிடம் கேட்டாலும் விடை தாயின் வாயிலிருந்து வருவதையும் நாள்தோறும் பார்க்கிறோம். “நல்லா சாப்பிடறாளுங்க, நல்லா தூங்கறாளுங்க.” பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வெளியே அனுப்புவது உங்களை விலக்கிவிடுவதற்காக அன்று. உள்ளே பேசியவற்றுள் எதை வீட்டில் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்பதும் அந்தப் பத்து நிமிடத்தில் பேசப்படுகிறது. பல பிள்ளைகள் தாமே கதவைத் திறந்து “அம்மாவையும் கூப்பிடுங்க” என்கிறார்கள்.

இரகசியத்துக்கு எல்லையும் உண்டு. அதைத் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் வாக்குக் கொடுத்துப் பின்னர் மீறுவது எல்லாவற்றினும் கொடுமை. உயிருக்கு ஆபத்து என்றால் குடும்பத்தாரிடம் சொல்வோம். 18 வயது நிறையாதவர் பாலியல் துன்பத்துக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. 18 வயதுக்குட்பட்டவர் விரும்பியே பழகியிருந்தாலும் சட்டம் அதை விலக்குவதில்லை. இந்த அச்சத்தால் கருவுற்ற சிறுமிகள் மருத்துவமனையைத் தவிர்த்து, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி உயிருக்குப் போராடும் நிலை நாட்டில் இருக்கிறது. அதை உணர்ந்தே உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவருடைய பெயரையும் அடையாளத்தையும் தெரிவிக்க வேண்டியதில்லை என்று கூறியது. மருத்துவமனைக்கு வந்தாலே வழக்கு, வழக்கென்றாலே ஊர் முழுக்கப் பெயர் என்று அஞ்சிப் பிள்ளையைக் கடை மாத்திரைக்கு விட்டுவிடாதீர்கள்.

பெற்றோரைப் பற்றிச் சொன்ன அதே காரியம் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. அவர்களுக்குத் தாய் பக்கத்தில் இல்லை. மொழிபெயர்க்க ஒரு மேஸ்திரியோ சூப்பர்வைசரோ வருகிறார். பிள்ளை இரண்டு நிமிடம் பேசும். “வயித்து வலியாம்” என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வலியின் காரணமே வேலையிடத்தில் இருந்தால் அதை அவர் வாயாலேயே சொல்லச் செய்வது எப்படி? எங்கள் பணியாளர்களில் இந்தி அறிந்த ஒருவரை அழைத்துக்கொள்கிறோம். ஒடியா அறிந்தவர் எங்களிடம் இல்லை. கைபேசியில் மொழிபெயர்த்துச் சமாளிக்கிறோம். அது போதாது என்பதை அறிந்தே செய்கிறோம். ஒடியா பேசத் தெரிந்து, மாதம் ஓரிரு முறை வந்து உதவ விரும்புவோர் இதைப் படித்தால் முன்வர வேண்டுகிறோம்.

கம்பெனி நடத்துவோரும் இவ்விதழைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவ அறையும் வேண்டுமென்று வகுத்தது. அந்தப் பெட்டியில் உறையில்லாத மாத்திரைக்கு இடமில்லை. தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேலையிடத்துக்கே வருகிறது. வருபவர்களிடம் இருபது வயதுப் பெண் தனியே பேச ஓர் அறையை ஒதுக்கித் தந்தால், அடுத்த மாதம் அவளுக்கு அந்த மாத்திரை தேவைப்படாமலே போகக்கூடும். இ.எஸ்.ஐ. பதிவு பெற்றவர், தகுதியான நாள்கள் வேலை செய்திருந்து, மருத்துவச் சான்றுடன் விடுப்பு எடுத்தால் ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும் என்பதையும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் யாரேனும் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்ட வரையில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் செய்தவை சிறியவை. சீட்டுச் சன்னலில் இப்போது பெயரும் வயதும் மட்டுமே கேட்கிறோம். “என்ன பிரச்சினை” என்ற கேள்வியை உள்ளே கொண்டுபோய்விட்டோம். சன்னலில் உள்ளவருக்குப் பழக்கம் விடவில்லை; வாரத்தில் இரண்டு நாளாவது பழையபடி கேட்டுவிடுகிறார், நினைவூட்டுகிறோம். ஊசி ஏறி வரும் ஒவ்வொருவரிடமும் கட்டுக் கட்டியபின் “வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று செவிலியர் கேட்க வேண்டும் என்பது இப்போது விதி. ஞாயிற்றுக்கிழமை முற்பகலை இளையோருக்கென்று ஒதுக்க முயன்றுகொண்டிருக்கிறோம். ஒரே ஒரு விடுமுறை நாளிலும் மருத்துவமனையா என்று அவர்களே சலிக்கக்கூடும். இரவு ஒன்பது மணி பொருந்துமா என்பதையும் கேட்டறிய விரும்புகிறோம். எழுதிப் போட மருந்தகத்தின் அருகே ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம்.

நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியில் பேசலாம். மனத் துயருக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். உடல்நல ஐயங்களுக்கு 104. 18 வயதுக்குட்பட்டவருக்கு ஆபத்து என்றால் 1098. எச்.ஐ.வி. குறித்த அச்சம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகப் பெறலாம். முடிவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் ஒரு மாற்றம். பரிசோதனை அறைக் கதவை ஒட்டிப் போட்டிருந்த நீண்ட பெஞ்சை எடுத்துவிட்டோம். உள்ளே பேசுவது அதில் அமர்ந்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்டது என்பதை இத்தனை ஆண்டுகள் நாங்கள் கவனிக்கவில்லை. அந்த பெஞ்சு இப்போது வாசலில் வேப்பமரத்தடியில் இருக்கிறது. நிழல் உண்டு, குடிநீர்க் குழாய் அருகில் இருக்கிறது. உங்கள் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு அங்கே அமருங்கள். முடிந்ததும் நாங்களே வந்து அழைக்கிறோம்.